அத்தியாயம் 11: நாலு முறை அழுத்திய பிரிண்ட்

"நாலு தடவையா?"

"நாலு தடவதான். வரலையேன்னு திரும்பத் திரும்ப அழுத்தினேன். அதுக்கு ஏன்டி இப்படி முழிக்கிற?"

"இரு அக்கா. எந்தப் பிரிண்டருக்குக் குடுத்த?"

"எந்தப் பிரிண்டருக்குன்னா? பிரிண்ட்னு இருந்துச்சு, அழுத்தினேன். நேத்து நீ தூக்கிட்டு வந்து வச்சியே, இதுக்குத்தான். வேஸ்ட்டு! ஒரு தாளக்கூட வெளிய தள்ளல."

ஒயரு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததும் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒயரு என்பது அவள் பெயரில்லை. சின்ன வயதில் வீட்டில் இருந்த ரேடியோ, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றின் ஒயரையும் பிரித்துப் பார்த்ததால் ஒட்டிக்கொண்ட பட்டம். இப்போது அதுவே பிழைப்பு. ஆபீஸ் ஆபீஸாகப் போய் நெட்வொர்க் பிரிண்டர்களை மாட்டிக்கொடுக்கும் கம்பெனியில் டெக்னீஷியன்.

"ஏய், என்னன்னு சொல்லித் தொலை. பயமா இருக்கு."

"அக்கா... இந்த லேப்டாப்புக்கு இன்னும் பழைய பிரிண்டர்தான் ஞாபகத்துல இருக்கு. நீ அழுத்தினது எல்லாம் அங்க போயிருக்கு."

"எங்க?"

"மாமா வீட்டுக்கு."

அக்காவின் வலது கை தானாக இடது கையைப் பிடித்துக்கொண்டது. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதைப் போட்டு இன்றோடு மூன்று வாரம், நாலு நாள்.

அந்தக் கட்டுக்குக் காரணமான கணவரிடமிருந்துதான், ஆறு வயது மகள் சிட்டுவை இடுப்பிலும் ஒரு பையைத் தோளிலும் சுமந்துகொண்டு அக்கா வெளியேறினாள். இந்த மாடி வீட்டைப் பிடித்துக்கொடுத்தது பெரியம்மா. ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்த நர்ஸ் வெளிநாடு போனதால் சாவி பெரியம்மாவிடம் இருந்தது. விலாசம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அப்பா அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதுவும் நல்லதாகப் போயிற்று. போன வாரம் மாமா அவர்கள் வீட்டுக்கு வந்து, மூன்று மணி நேரம் சோபாவில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் எப்போதும் உயர்த்தமாட்டார்.

"அந்த ஃபார்ம்ல என்னென்ன இருக்கு?" ஒயரு கேட்டாள்.

"எல்லாமே இருக்கு. விதைப் பரிசோதனை லேப் வேலைக்கு நான் ஒத்துக்கிறேன்னு கையெழுத்துப் போடற ஃபார்ம். இந்த வீட்டு அட்ரஸ். அங்க குடுக்கப்போற குவார்ட்டர்ஸ் அட்ரஸ். திங்கட்கிழமை சேரணும்னு தேதி." சொல்லிக்கொண்டே வந்தவள் நாலு விரலைக் காட்டினாள். "நாலு காப்பி."

சமையலறையிலிருந்து பெரியம்மா எட்டிப்பார்த்தாள். முப்பது வருஷம் அவசரப் பிரிவில் வேலை செய்தவள். ரத்தத்தைப் பார்த்தாலும் கரப்பான்பூச்சியைப் பார்த்தாலும் முகத்தில் ஒரே பாவம்தான்.

"வந்துடுச்சா, வரப்போகுதா? அத மொதல்ல சொல்லு."

நல்ல கேள்வி. ஒயரு மறுபடியும் திரையைப் பார்த்தாள். நாலு வரி. நாலுக்கும் பக்கத்தில் ஒரே வார்த்தை: காத்திருக்கிறது.

"இன்னும் வரல! பிரிண்டர் ஆஃப்ல இருக்கு."

"வேலைக்குக் கெளம்பறப்ப ரவுட்டர், பிரிண்டர் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்ச அணைச்சிடுவார்," என்றாள் அக்கா. "ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். வந்ததும் போடுவார்."

"ஒண்ணுன்னா?"

"ஒண்ணுன்னா ஒண்ணு. ஒண்ணே கால் இல்ல."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம்.

"அப்ப அழிச்சிடு," என்றாள் பெரியம்மா. "நீதானே பெரிய இவ."

"இங்க இருந்து அழிக்க முடியாது பெரியம்மா. லேப்டாப் தன் வேலைய முடிச்சிடுச்சு. ஃபார்ம் இப்ப பிரிண்டர் கம்பெனியோட சர்வர்ல கெடக்கு. தபாலாபீஸ்ல தபால் கெடக்கற மாதிரி. அங்க பிரிண்டருக்கு உயிர் வந்து இன்டர்நெட் கெடச்ச உடனே, 'எனக்கு ஏதாச்சும் இருக்கா'ன்னு கேக்கும். இருக்குன்னு அது குடுத்துடும்."

"அந்தத் தபாலாபீஸ்ல போய்ச் சொல்லு."

"அதுக்குள்ள போக அக்காவோட அக்கவுன்ட் பாஸ்வேர்ட் வேணும். அக்கா வெளிய வந்த அன்னிக்கே மாமா அத மாத்திட்டார். மறந்துட்டேன்னு சொன்னா அவர் ஈமெயிலுக்குத்தான் கேட்டு வரும்."

"சரி, போய் ஃபியூஸப் புடுங்கிடு."

"புடுங்கினா திரும்பப் போடுவார். ஃபார்ம் எங்கயும் போகாது, காத்துக்கிட்டேதான் இருக்கும்."

பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். "யாருடி இந்தக் கண்ராவிய எல்லாம் கண்டுபுடிச்சது? பக்கத்து ரூம்ல அழுத்தினா பக்கத்து ரூம்ல வரணும். ஊர் தாண்டிப் போய் விழற மாதிரி எவ செட் பண்ணா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். ஒயரு தன் கால்விரலைப் பார்த்தாள்.

அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா பிறந்தநாளுக்கு அவள் கொடுத்த முதல் சம்பளப் பரிசு அந்தப் பிரிண்டர். வேலை செய்யும் இடத்தில் அழுத்தினால் வீட்டில் தாள் வந்து விழும் என்று எல்லோரையும் கூட்டி வைத்துச் செய்துகாட்டினாள். நாலு வயது சிட்டு மந்திரம் பார்த்தவள் மாதிரி கைதட்டினாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாடி வீட்டுக்கு வந்த முதல் நாளே ஒயரு ரவுட்டரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். வைஃபைக்கு வீட்டு எண்ணைக் காட்டிக்கொடுக்கும் பெயர் இருந்தது, மாற்றினாள். பழைய பூட்டு முறையைத் தூக்கிவிட்டுப் புதிய, உறுதியான பூட்டைப் போட்டாள். இருபது எழுத்தில் பாஸ்வேர்ட் வைத்தாள். ஒரு பட்டனை அமுக்கினால் யாரையும் உள்ளே விடும் வசதியை அணைத்தாள். "இனிமே ஒரு ஈகூட உள்ள நுழைய முடியாது" என்று காலரைத் தூக்கிக்கொண்டாள்.

உள்ளே யாரும் நுழையவில்லை. உள்ளிருந்துதான் போய்விட்டது. அந்த லேப்டாப்பில் பழைய பிரிண்டரை நீக்க அரை நிமிடம் போதும். அது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

"சித்தி! ஒட்டகச்சிவிங்கி மேல காக்கா உக்காந்திருக்கு!"

ஜன்னலில் நாற்காலி போட்டு நின்றிருந்த சிட்டுவின் குரல். எதிர் வரிசையில் ஒரு செருப்புக் கடையின் மொட்டை மாடியில் சிமென்ட்டில் செய்த மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி நிற்கிறது. குழந்தைகளை இழுக்க எந்தப் புத்திசாலியோ வைத்தது. காலையில் எழுந்ததும் சிட்டு அதற்கு வணக்கம் சொல்லுவாள்.

"சூப்பர்டா," என்றாள் ஒயரு. சட்டென்று எழுந்தாள். "அக்கா! ஒரு வழி இருக்கு."

"என்ன?"

"அந்தப் பிரிண்டர் வீட்டு வைஃபைய மட்டும் நம்பி இல்ல. அதுக்குள்ளயே தனியா ஒரு குட்டி வைஃபை இருக்கு. ரவுட்டர் இல்லாமலே போன்ல இருந்து நேரா பிரிண்ட் எடுக்கறதுக்கு. சுவர் பக்கத்துல நின்னா எனக்குக் கிடைக்கும். கரண்ட் வந்ததும் பிரிண்டர் முக்கால் நிமிஷத்துல முழிச்சிடும். ரவுட்டர் சோம்பேறி, ரெண்டு நிமிஷம் ஆகும். நடுவுல எனக்கு ஒரு நிமிஷம் சொச்சம் கிடைக்கும். அதுக்குள்ள நான் அதோட செட்டிங் பக்கத்துக்குப் போய் இன்டர்நெட் வழியா பிரிண்ட் வாங்கறத நிறுத்திட்டேன்னா, அது சர்வர்கிட்ட கேக்கவே கேக்காது. திரும்ப ஆன் பண்ணாலும் புதுக் கணக்குதான், பழைய ஃபார்ம் வராது!"

"அந்தக் குட்டி வைஃபைக்குப் பாஸ்வேர்ட் இருக்காதா?"

ஒயரு தலையைச் சொறிந்தாள். "இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... எட்டு வரைக்கும்."

"என்னது?"

"கம்பெனில இருந்து வந்தது அப்படித்தான். அன்னிக்குப் படத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தேன்கா. மாத்தாம ஓடிட்டேன்."

வாரத்துக்கு ஐந்து ஆபீஸில் இதே காரியத்துக்கு ஆட்களைத் திட்டுகிறவள் அவள். பெரியம்மா சிரிக்கவில்லை. ஆனால் கையில் இருந்த கரண்டி ஆடியது.

"சோம்பேறித்தனத்துக்கும் ஒரு நாள் வருது பாரு."

"ஆனா அக்கா..." ஒயருவின் குரல் இறங்கியது. "அடுத்தவங்க நெட்வொர்க்ல கேக்காம நுழைய மாட்டேன்னு வேலைல சேரும்போதே எழுதிக் குடுத்திருக்கேன். மாட்டினா வேலை போயிடும்."

அக்கா அவளை நேராகப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அந்தக் கண்ணில் பழைய அக்கா தெரிந்தாள்.

"அடுத்தவங்களோடதுன்னு யார் சொன்னது? அது என் பிரிண்டர். என் பொறந்தநாளுக்கு நீ குடுத்தது. கேக்கறதா இருந்தா என்னக் கேளு. நான் சொல்றேன், போ."

---

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒயரு கம்பெனி வேனை அந்தத் தெருவில் நிறுத்தினாள். வேனின் இரண்டு பக்கமும் ஆளுயர எழுத்தில் 'பிரிண்டர் சர்வீஸ்' என்று எழுதியிருந்தது. திருட்டுத்தனமாக வர இதைவிட மோசமான வண்டி உலகத்தில் கிடையாது. தள்ளி நிறுத்தினால் சிக்னல் வராது. பிரிண்டர் முன்னறை ஜன்னலோரம். எனவே மதில் சுவரை ஒட்டியே நிறுத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

சுற்றுவட்டார வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. ஒருவர் 'சும்மா கேக்காதே' என்று வைத்திருந்தார். இன்னொருவர் 'மாடி வீட்டுக்காரன் திருடன்'. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

சரியாக ஒரு மணி. கார் வந்தது. கேட் கிறீச்சிட்டது. ஒயரு இன்னும் குனிந்தாள். கதவு திறக்கும் சத்தம், மூடும் சத்தம்.

பத்து எண்ணினாள். இருபது. முப்பது.

வரிசையின் கடைசியில் ஒரு புதுப்பெயர் முளைத்தது. பிரிண்டரின் குட்டி வைஃபை!

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. விரல் வழுக்கி ஏழு இரண்டு தடவை விழுந்தது. தவறு என்றது. மறுபடியும் அடித்தாள். சேர்த்துக்கொண்டது.

அடுத்து ஐ.பி. முகவரி. பிரிண்டர் குடியிருக்கும் வீட்டு எண் மாதிரி, நாலு எண்கள், நடுவில் புள்ளிகள். அடித்துவிட்டுக் காத்திருந்தாள். வெள்ளைப் பக்கம். வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"வாடா ராசா, வாடா..."

பக்கம் விரிந்தது. இதற்கும் தனிப் பாஸ்வேர்ட் வைத்திருக்க வேண்டும். அதையும் அவள் அன்று வைக்கவில்லை. நெட்வொர்க். அதற்குள் இணையச் சேவை. அதற்குள் 'நிறுத்து'. அழுத்தினாள்.

'நிச்சயமாகவா?' என்று கேட்டது.

"ஆமாடா, நிச்சயமா!"

வட்டம் மறுபடி சுற்றியது. அதே நேரத்தில் வைஃபை வரிசையில் வீட்டு ரவுட்டரின் பெயர் எழுந்து நின்றது. ரவுட்டர் முழித்துவிட்டது. இன்னும் சில நொடியில் இன்டர்நெட்.

'இணையச் சேவை நிறுத்தப்பட்டது.'

ஒயரு நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள். ஹாரன் அடிக்காமல் போனது கடவுள் செயல்.

போனில் அக்காவைக் கூப்பிட்டாள். "முடிஞ்சுது! ஒரு தாள்கூட வராது."

மறுமுனையில் அக்கா சிரித்தாள். அழுகையும் கலந்திருந்தது, ஆனாலும் சிரிப்புதான். பின்னால் பெரியம்மா, "ஒயருன்னு சும்மாவா பேர் வச்சோம்!" என்று கத்துவது கேட்டது. "நீ சொன்ன மாதிரி இங்க இருக்கற பிரிண்டரத் தேடிப் புடிச்சு ஃபார்மக் குடுத்தேன்டி. வந்துடுச்சு. கையெழுத்துப் போடப் போறேன்," என்றாள் அக்கா.

அப்போதே வண்டியை எடுத்திருக்கலாம். ஆனால் எந்தப் பிரிண்டரைத் தொட்டாலும் மூடும் முன் அதன் பதிவுப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது தொழில் பழக்கம். அது கடைசியாக என்னென்ன அச்சடித்தது என்ற பட்டியல்.

பார்த்தாள். மின்சார பில். ஆபீஸ் கடிதம். பிறகு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று ஆறு. 'படம் 1.' இணையம் வழியாக வந்தது. ஒரு பக்கம். வண்ணம். முடிந்தது.

போனை மறுபடி காதில் வைத்தாள்.

"அக்கா, செவ்வாக்கெழம லேப்டாப்ப யாரு எடுத்தா?"

"நானில்லையே. அன்னிக்குக் காலைல எனக்குப் போன்ல இன்டர்வியூ. சிட்டுகிட்ட குடுத்து வரைஞ்சுக்கிட்டு இருன்னேன். ஏன்?"

"சும்மாதான். சிட்டுகிட்ட குடேன்."

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "சித்தி?"

"செல்லம், செவ்வாக்கெழம நீ படம் வரைஞ்சியா?"

"ம்."

"பிரிண்ட் குடுத்தியா?"

சின்னக் கால்கள் வேறு அறைக்கு ஓடும் சத்தம். பிறகு ரகசியக் குரல்.

"அம்மாகிட்ட சொல்லக்கூடாது. ப்ராமிஸ்?"

"சொல்லுடா."

"எங்க அழுத்தினாலும் நம்ம வீட்லதான் வரும்னு நீதானே சொன்ன? அப்பா தனியா இருப்பாங்கல்ல. அதான் அப்பாவுக்கு அனுப்பினேன்."

"என்ன படம்டா?"

"நம்ம ஜன்னல். அப்புறம் என் ஒட்டகச்சிவிங்கி."

மதிலுக்கு அந்தப் பக்கம் வீட்டுக் கதவு திறந்தது. கேட் கிறீச்சிட்டது.

போனை மடியில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். வேன் ஜன்னலுக்கு வெளியே மாமா நின்றிருந்தார். சட்டைக்கை மடித்துவிட்டு, சாப்பாட்டுக்குக் கை கழுவிய ஈரம் காயாமல். சிரித்த முகம்.

"என்ன ஒயரு, வெயில்ல உக்காந்திருக்க? உள்ள வரக்கூடாதா?"

"இல்ல மாமா... இந்தப் பக்கம் ஒரு சர்வீஸ் கால்."

"அப்படியா! நல்லதாப் போச்சு." கையில் இருந்த ஒரு தாளை நீட்டினார். "இப்பதான் பிரிண்டர் தானா இதத் தள்ளுச்சு. ஒண்ணும் புரியல. நீதானே மாட்டின, பாத்துச் சொல்லும்மா."

அவள் பார்க்கவே வேண்டியதில்லை. இந்த மாடலில் எந்தச் செட்டிங்கை மாற்றினாலும் மாற்றிய விவரத்தை ஒரு தாளில் அடித்து வெளியே தள்ளும். எத்தனை ஆபீஸில் அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பாள்! 'இணையச் சேவை நிறுத்தப்பட்டது. நேரம்: 1.03.'

"பழைய மாடல் மாமா. அப்பப்ப இப்படிப் பண்ணும்."

"அப்பப்ப பண்ணும்," என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "சரி. இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீதான் வேன எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறவளாச்சே."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். நிதானமாகப் பிரித்தார். மடிப்பு மடிப்பாகத் தேய்ந்திருந்தது. இரண்டு நாளில் எத்தனை தடவை பிரித்துப் பார்த்தாரோ.

கோணல் ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் ஒரு கடை. கடை மாடியில், கழுத்து தாளைத் தாண்டிப் போகிற அளவுக்கு, மஞ்சளாக, புள்ளி புள்ளியாக அது.

கீழே குட்டி எழுத்தில், 'அப்பா சாப்டியா'.

"இந்த ஊர்ல ஒட்டகச்சிவிங்கி எங்கம்மா இருக்கு?"

மடியில் கவிழ்ந்திருந்த போனில் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. உள்ளே ஒரு ஆறு வயதுக் குழந்தை மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் அப்பா குரல் அது.

ஒயரு கட்டைவிரலால் தடவித் தடவி அழைப்பைத் துண்டித்தாள். "ஜூலதான் மாமா இருக்கும்," என்றாள். சிரித்தும் வைத்தாள்.

ஒரே ஒரு சங்கடம். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான், குடும்பத்துக்கே தெரியும். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் சீட்டாடும்போது அதை வைத்தே அவளை எல்லா ஆட்டத்திலும் தோற்கடித்தவர் மாமாதான்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தார்.

"ஜூல," என்றார். "நானும் அப்படித்தான் நெனச்சேன்."

காகிதத்தை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பிட உள்ளே திரும்பிப் போகவில்லை. நேராகக் காரை நோக்கி நடந்தார்.

நீங்களே சொல்லுங்கள், மத்தியான வெயிலில் யாருக்குத்தான் காது சிவக்காது? ஒயரு சொன்னதை மாமா நம்பியிருப்பாரா, இல்லையா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?